டெல்ஃபி என்று எழுதியது யார்

பள்ளிக்கூடம் திறக்க இன்னும் சில நாட்களே இருந்தன. டெல்ஃபா கிரிஸ்ப் பள்ளிச் சமையலறையில் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது அவளை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, அவள் மீது பயங்கரவாத மிரட்டல் வழக்கு ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். சொன்னவள் மர்லா பென். அலுவலகத்தில் சம்பளம், விடுப்பு எல்லாம் பார்ப்பவள். ஒன்றாம் வகுப்பிலிருந்து டெல்ஃபா சுட்ட ரொட்டியைத் தின்று வளர்ந்தவள். அதனாலோ என்னவோ டெல்ஃபாவின் முகத்தைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்தே பேசினாள்.

“நான் சொல்லல மிஸ் டெல்ஃபா. கம்ப்யூட்டர் சொல்லுது.”

“கம்ப்யூட்டருக்கு என்னைத் தெரியுமா?”

“உங்க பிறந்த தேதி தெரியுது. வீட்டு விலாசம் தெரியுது.”

“அதெல்லாம் தபால்காரனுக்கும்தான் தெரியும். அவன் என்னை பயங்கரவாதின்னு சொன்னதில்லையே.”

விஷயம் இதுதான். அந்த வருஷம் பள்ளி நிர்வாகம் வேலை செய்கிற எல்லாரையும் புதிதாக ஒருமுறை சோதித்துப் பார்க்க முடிவு செய்தது. பஸ் ஓட்டுகிறவரிலிருந்து பாத்திரம் கழுவுகிறவர் வரை யாரும் பாக்கியில்லை. வேறு ஏதோ மாநிலத்தில் இருக்கிற ஒரு கம்பெனி அதைச் செய்தது. அவர்கள் அனுப்பிய காகிதத்தில் டெல்ஃபாவின் பெயருக்கு எதிரே குற்றத்தின் பெயர் இருந்தது, வழக்கு எண் இருந்தது, ‘முடிவு’ என்று போட்டிருந்த இடத்தில் ஒன்றுமில்லை.

“ஒண்ணுமில்லைன்னா நல்லதுதானே?” என்று டெல்ஃபா கேட்டாள்.

“நல்லதா கெட்டதான்னு அவங்களுக்குத் தெரியலைன்னு அர்த்தம். நீங்க கோர்ட்டுலேருந்து என்ன ஆச்சுன்னு முத்திரை போட்ட காகிதம் வாங்கிட்டு வரணும். அடுத்த வியாழக்கிழமை ஸ்கூல் போர்டு கூடுது. அதுக்குள்ள வரலைன்னா உங்க இடத்துக்கு வேற ஆள் போட்டுடுவாங்க.” மர்லா இன்னும் குனிந்துகொண்டாள். “அதுவரைக்கும் நீங்க கட்டடத்துக்குள்ள வரக் கூடாதாம்.”

“மாவு பொங்கிட்டிருக்கே, மர்லா.”

“ரோண்டா சுட்டுக்குவா.”

“ரோண்டா சுட்டா அதை எறிஞ்சே ஆளைக் கொல்லலாம். அவளைச் சோதிச்சாங்களா?”

மர்லா சிரிக்கவில்லை. டெல்ஃபா ஏப்ரனைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஓய்வூதியத்துக்கு இன்னும் மூன்று வருஷம் பாக்கி. இடுப்பு எலும்புக்கு மாத்திரை, ஊசி எல்லாம் பள்ளிக்கூட இன்ஷூரன்சில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதைவிட, காலையில் எழுந்து மாவைப் பார்க்காத ஒரு வாழ்க்கையை அவள் யோசித்துப் பார்த்ததே இல்லை.

இந்த வழக்கின் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் கென்டக்கி மலைப்பக்கத்தில் ஒருவரைப் பார்த்து ‘உன்னைக் கொன்றுவிடுவேன்’ என்று சொல்லி, அவர் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தால், சட்டத்தில் அதற்குப் பெயர் பயங்கரவாத மிரட்டல்தான். வேலித் தகராறு, நாய்த் தகராறு, கல்யாண விருந்தில் உருளைக்கிழங்கு சாலட்டைப் பற்றி யாரோ ஏதோ சொன்னது என்று எல்லாவற்றுக்கும் இதே பெயர். இங்கே அதைக் கேட்டு யாரும் பதறுவதில்லை. ‘யார் மேல?’ என்று மட்டும் கேட்பார்கள். வேறு மாநிலத்துக் கம்பெனிக்கு இது எப்படித் தெரியும்.

டெல்ஃபாவின் குழப்பம் அதுவல்ல. அவள் யாரையும் மிரட்டியதாக அவளுக்கு நினைவில்லை. யாரும் அவளைப் பிடித்துப்போனதில்லை. போலீஸ்காரர்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள் என்றால் அது சாப்பிட வந்ததுதான். அவளுடைய செத்துப்போன புருஷன் வெர்னனுக்கு மாமன் மகன் ஹார்வி. அவன் கவுண்டிப் போலீஸ் தலைவரான ஷெரீப்பிடம் டெபுடியாக இருந்தான்.

அன்று சாயங்காலம் ஓடையைத் தாண்டி ஓப்பல் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். ஓப்பல் அவளுக்கு ஓரகத்தி. வெர்னனின் அண்ணன் டாயலின் பெண்டாட்டி. அண்ணன் தம்பி இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இவர்கள் இரண்டு பேரும் ஓடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மிச்சம். ஓப்பலுக்குக் கண் மங்கலாகிவிட்டதால் கடை, சர்ச், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் டெல்ஃபாதான் டிரக் ஓட்டிக் கூட்டிப் போவாள். பதிலுக்கு ஒவ்வொரு கோடையிலும் ப்ளாக்பெர்ரி பழுத்ததும் முதலில் காய்ச்சுகிற ஜாம் முழுவதும் டெல்ஃபாவுக்கு வந்துவிடும். ஓப்பல் தனக்கென்று வைத்துக்கொள்வது சட்டியின் அடியில் ஒட்டியதைத்தான்.

ஓப்பல் வாசலில் உட்கார்ந்து பீன்ஸுக்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள். டெல்ஃபா பேசப் பேச அவள் கை நின்றுபோனது.

“என்ன மிரட்டலாம்?”

“பயங்கரவாத மிரட்டல்.”

“யாரை மிரட்டினதாம்?”

“அதைத்தான் போடல.”

ஓப்பல் ஒரு பீன்ஸை எடுத்து, நார் எடுக்காமலே சட்டியில் போட்டாள். “அதெல்லாம் பழசாயிருக்கும். விட்டுடு. தானா போயிடும்.”

“வேலை போயிடும் ஓப்பல்.”

ஓப்பல் கொஞ்ச நேரம் ஓடையைப் பார்த்தாள். அப்புறம், “சரி, நானும் வரேன். கிளார்க் ஆபீசுல கேப்போம்” என்றாள்.

மறுநாள் காலை இரண்டு பேரும் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், தலைநகருக்குப் போனார்கள். எங்கள் ஊரில் ‘கிளார்க் ஆபீஸ்’ என்றால் அது ஒரே இடம்தான். கார் வரி கட்டுகிற இடம். டெல்ஃபாவின் கால் வழி கேட்காமலே அங்கே போனது. ஓப்பலும், “இங்கதான், இங்கதான்” என்று முழங்கையைப் பிடித்துத் தள்ளினாள். வரிசை நீளமாக இருந்தது. படகுக்கு நம்பர் வாங்க வந்தவன் ஒருவன், நிலப் பத்திரத்தோடு சண்டைபோட்டுக்கொண்டே வந்த அண்ணன் தம்பிகள் இரண்டு பேர், கல்யாணத்துக்கு உரிமம் வாங்க வந்து கையைக் கோத்துக்கொண்டு நின்ற ஒரு ஜோடி.

டெல்ஃபாவின் முறை வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் நிமிராமலே, “நம்பர்?” என்றாள்.

“என்கிட்ட நம்பர் இல்லை. என் மேல இருக்கிற கேஸ் வேணும்.”

“எந்த வண்டி?”

“வண்டி இல்லைம்மா. நான்தான். நான் யாரையோ மிரட்டிட்டேனாம்.”

அந்தப் பெண் இப்போது நிமிர்ந்தாள். கல்யாண ஜோடி கொஞ்சம் பின்னால் நகர்ந்தது.

“கண்ணு, இது கவுண்டி கிளார்க் ஆபீஸ். காரு, நிலம், கல்யாணம், ஓட்டு. குத்தம் குறையெல்லாம் சர்க்யூட் கிளார்க்குகிட்ட. கோர்ட் கட்டடத்துல.”

“அவங்களும் இந்தக் கவுண்டிக்குக் கிளார்க்தானே?”

“ஆமா. ஆனா அவங்க வேற கிளார்க்.”

டெல்ஃபா திரும்பி ஓப்பலைப் பார்த்தாள். ஓப்பலின் முகம் வெளுத்திருந்தது. “வேற கிளார்க்கா?” என்று ஓப்பல் கேட்டாள். கேட்ட விதம், யாரோ அவளுடைய பணப்பையை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டதுபோல் இருந்தது. “எப்பலேருந்து?”

“எப்பவுமே அப்படித்தான் கண்ணு” என்றாள் அந்தப் பெண். “அடுத்தது யாரு?”

கோர்ட் கட்டடத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தியதும் ஓப்பல் இறங்க மறுத்துவிட்டாள். முழங்கால் வலி என்றாள். படி ஏற முடியாது என்றாள். அங்கே படியே இல்லை, சரிவுப் பாதைதான் இருந்தது. டெல்ஃபா வாதாடாமல் உள்ளே போனாள். பையைச் சோதித்தார்கள், பெல்ட்டைக் கழற்றச் சொன்னார்கள். ஏப்ரனை மடித்துப் பையிலேயே வைத்திருந்தாள் போலிருக்கிறது. காவலர் அதை உதறிப் பார்த்தார். மேஜையெல்லாம் மாவு.

சர்க்யூட் கிளார்க் அலுவலகத்தில் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவள் ரெனிட்டா. சங்கிலியில் கண்ணாடி தொங்க, காபிக் கோப்பையோடு சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

“என் மேல இருக்கிற கேஸ் வேணும்” என்று டெல்ஃபா ஆரம்பித்தாள். காலையிலிருந்து அதையே சொல்லிச் சொல்லி, இப்போது மளிகை கேட்பதுபோல் வந்தது.

“பெரிய கேஸா, சின்ன கேஸா?”

“தெரியல.”

“எந்த வருஷம்?”

“நான் என்ன பண்ணேன்னே தெரியல. எந்த வருஷம் பண்ணேன்னு எப்படித் தெரியும்?”

ரெனிட்டா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தாள். “சாதாரணமா எல்லாருக்கும் அது மட்டுமாவது தெரியும் கண்ணு.”

சுவரோரம் பொதுமக்கள் தேடிப் பார்க்க ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. டெல்ஃபா ஒற்றை விரலால் தன் பெயரைத் தட்டினாள். ஒன்றும் வரவில்லை. பிறந்த வீட்டுப் பெயரைப் போட்டுப் பார்த்தாள். அதே பெயரில் ஒருத்தி கோழி திருடிய வழக்கு வந்தது. அது அவளுடைய அத்தை. அதை யாரும் அவளிடம் சொன்னதில்லை. திரையை உற்றுப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள். தேட வந்தது கிடைக்கவில்லை, தேடாதது கிடைத்திருக்கிறது.

“அதுல பழசெல்லாம் பாதிதான் வரும்” என்று ரெனிட்டா குரல் கொடுத்தாள். “மாநிலத் தலைநகருக்கு எழுதிப் போட்டா மாநிலம் பூராத் தேடித் தருவாங்க. ஆனா நாளாகும். வந்தாலும் இதே மாதிரிதான் வரும், முடிவு இருக்கிற இடத்துல காலியா. உங்களுக்கு வேண்டியது கேஸ் கட்டு. அதுக்குப் பேரும் வருஷமும் வேணும், இல்லை கேஸ் நம்பர் வேணும்.”

“நம்பர் இருக்கு. ஸ்கூல்ல குடுத்த காகிதத்துல இருக்கு.”

“அதை முதல்லயே குடுத்திருக்கலாமே.”

“வண்டில இருக்கு.”

டெல்ஃபா டிரக்குக்குத் திரும்பி வந்தாள். முன்சீட்டில் வைத்த காகிதத்தைக் காணோம். சீட்டுக்கு அடியில் தேடினாள், பாய்க்கு அடியில் தேடினாள். ஓப்பல் பெப்பர்மின்ட் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு நேராகக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இங்க ஒரு காகிதம் வெச்சேனே.”

“காத்துல போயிருக்கும்.”

“ஜன்னல் மூடியிருக்கு.”

“அப்ப கதவைத் திறந்தப்ப போயிருக்கும்.”

“ஓப்பல், நீ எழுந்திரு. உனக்கடியில இருக்கான்னு பாக்கறேன்.”

ஓப்பல் எழுந்திருக்கவில்லை. மெதுவாகக் கைப்பையைத் திறந்து, நான்காக மடித்திருந்த காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள். “பத்திரமா இருக்கட்டும்னு எடுத்து வெச்சேன்” என்றாள். டெல்ஃபாவுக்கு அதை யோசிக்க நேரமில்லை. வாங்கிக்கொண்டு ஓடினாள்.

ரெனிட்டா எண்ணைப் பார்த்ததும் கொஞ்சம் இளகினாள். “எம்னு இருக்கு பாருங்க. எம்னா சின்ன கேஸ். எஃப்னு இருந்தாத்தான் கவலைப்படணும்.” ஒரு பழைய தடிப் புத்தகத்தை எடுத்து விரலால் கோடு இழுத்துக்கொண்டே போனாள். விரல் நின்றது. “இதோ. ஏன் உங்க பேர்ல வரலைன்னு இப்பப் புரியுது. பிறந்த தேதியும் விலாசமும்தான் சேருது, பேரு டெல்ஃபான்னு இல்லை. டெல்ஃபின்னு எழுதியிருக்கு. டெல்ஃபி கிரிஸ்ப்.”

“டெல்ஃபியா?”

“உங்க பேரு இல்லையா?”

“என் பேருதான்.” டெல்ஃபா ஜன்னல் திட்டைப் பிடித்துக்கொண்டாள். “ஆனா வெளியில யாரும் அப்படிக் கூப்பிட மாட்டாங்களே.”

டெல்ஃபி என்பது வீட்டுப் பெயர். பிறந்த வீட்டில் கூட இல்லை. கல்யாணமாகி வந்த பிறகு மாமியார் வைத்தது. கிரிஸ்ப் குடும்பத்தைத் தவிர யாருக்கும் அது தெரியாது. மாமியார் போய்விட்டாள். வெர்னன் போய்விட்டான். டாயல் போய்விட்டான். டெல்ஃபா மனதுக்குள் ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நின்றாள். அந்த இடத்தை நம்பாமல் மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள்.

கட்டு பழைய ஜெயில் கட்டடத்துக் கீழறையில் இருக்கிறது, சாப்பிட்டுவிட்டு வாருங்கள், எடுத்து வைக்கிறேன் என்றாள் ரெனிட்டா. எதிரே இருந்த கடையில் இரண்டு பேரும் பீன்ஸ் சூப்பும் சோள ரொட்டியும் வாங்கினார்கள். டெல்ஃபா ரொட்டியைப் பிட்டுப் பார்த்து, “சர்க்கரை போட்டிருக்கான்” என்றாள். சாதாரணமாக ஓப்பல் இதற்கு ஒரு கால் மணி நேரம் கடைக்காரனைத் திட்டுவாள். அன்று சூப்பைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

“ஓப்பல், யார் என்னை டெல்ஃபின்னு கூப்பிடுவாங்க?”

“எல்லாரும்தான்.”

“எல்லாரும்னா?”

“நம்ம எல்லாரும்.” ஓப்பல் கரண்டியை வைத்துவிட்டு, “மிளகு இருக்கா?” என்று கேட்டாள். மிளகு அவள் முன்னாலேயே இருந்தது.

மத்தியானம் ரெனிட்டா ஒரு மெல்லிய கட்டை ஜன்னல் வழியாகத் தள்ளினாள். மேலே ஒரே தூசு, உள்ளே இரண்டே காகிதம். ஒன்று புகார். கையெழுத்தைப் பார்த்ததும் டெல்ஃபாவுக்குப் படிக்கவே வேண்டியிருக்கவில்லை. அதே கையெழுத்தில்தான் வருஷா வருஷம் ஜாம் புட்டிகளின் மூடியில் தேதி எழுதி வரும். ‘டெக்கரேஷன் நாள் அன்று கல்லறைத் தோட்டத்தில் டெல்ஃபி கிரிஸ்ப் கையில் மண்வெட்டியோடு என்னைப் பார்த்து அடுத்த குழியில் உன்னைப் படுக்க வைப்பேன் என்றாள். எனக்கு உயிர்ப் பயம் இருக்கிறது. ஓப்பல் ஜீன் கிரிஸ்ப்.’

டெக்கரேஷன் நாள் என்றால் குடும்பத்தில் எல்லாரும் கூடி, மலைமேல் இருக்கிற சொந்தக்காரர்களின் கல்லறைகளைச் சுத்தம் செய்து, பூ வைத்து, அங்கேயே துணி விரித்துச் சாப்பிட்டுவிட்டு வருகிற நாள். டெல்ஃபாவுக்கு அந்த வருஷம் நினைவு வந்தது. மாமியார் கல்லறையில் அவள் வைத்த பிளாஸ்டிக் பூவை எடுத்து வேலியோரம் போட்டுவிட்டு ஓப்பல் தன்னுடைய நிஜப் பூவை வைத்திருந்தாள். அன்றைக்கு ஏதோ கத்தினது நிஜம். அதற்கப்புறம் இரண்டு வருஷம் பேச்சில்லை. அதெல்லாம் பூவால் என்றுதான் டெல்ஃபா இத்தனை காலம் நினைத்திருந்தாள்.

இரண்டாவது காகிதம், அவளைக் கோர்ட்டுக்கு வரச் சொன்ன சம்மன். அதன் பின்புறத்தில் டெபுடி எழுதியிருந்தார்: ‘இந்தக் கவுண்டியில் இப்படி ஒருவரும் காணப்படவில்லை.’ கீழே கையெழுத்து, ஹார்வி.

“என்னைக் காணோமாமா?” டெல்ஃபா அந்த வரியை விரலால் தேய்த்துப் பார்த்தாள். “ஹார்வி ஞாயித்துக்கிழமைன்னா என் வீட்டுலதான் சாப்பிடுவான். ரெண்டாவது தட்டு கேட்டு வாங்கிச் சாப்பிடுவான். நான் எப்படிக் காணாம போவேன்?”

“ரெண்டாவது தட்டு போட்டதாலதான் கண்ணு காணாம போயிருக்கும்” என்றாள் ரெனிட்டா.

“அப்ப முடிவு என்ன?”

“அதான் விஷயமே. முடிவே ஆகல. சம்மன் உங்க கைக்கு வரல, நீங்க கோர்ட்டுக்கு வரல, கேஸ் அப்படியே தூங்கிட்டிருக்கு. இல்லாத முடிவுக்கு நான் எப்படி முத்திரை போட்டுத் தர்றது? முதல்ல அதை முடிக்கணும். கவுண்டி அட்டர்னி, அதான் சர்க்கார் வக்கீல், அவர் ஆபீஸ் மாடில. புகார் குடுத்தவங்க வந்து எனக்கு இது வேண்டாம்னு சொன்னா, அவர் ஜட்ஜுகிட்ட எடுத்துட்டுப் போவார். சின்ன கேசுக்கெல்லாம் புதன்கிழமைதான் கோர்ட்டு.” ரெனிட்டா குரலைத் தாழ்த்தினாள். “புகார் குடுத்தவங்க இருக்காங்களா?”

“இருக்கா. என் வண்டில உட்கார்ந்து பெப்பர்மின்ட் சப்பிட்டிருக்கா.”

டெல்ஃபா இரண்டு காகிதத்தின் நகலையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வெயிலில் கண் கூசியது. வண்டிக் கதவைத் திறந்து, ஏறி உட்கார்ந்து, புகார் நகலை ஸ்டியரிங் மேல் விரித்து வைத்தாள். ஓப்பல் அதைப் பார்க்கவே இல்லை.

“நீ மண்வெட்டியைக் கீழ வெச்சுட்டுச் சொல்லியிருந்தா நான் போயிருக்க மாட்டேன்” என்றாள் ஓப்பல் கடைசியில்.

“மண்வெட்டி இல்லாம குழிமேட்டை எப்படிடி சரி பண்றது? கரண்டியாலயா?”

“உன் மூஞ்சி அப்படி இருந்துச்சு.”

“என் மூஞ்சி எப்பவும் அப்படித்தான் இருக்கும்.”

“அது எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது.” ஓப்பல் கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தாள். “அடுத்த வாரமே போய் வேண்டாம்னு சொல்லிட்டேன் டெல்ஃபி. சத்தியமா. அந்தப் புகாரு வேண்டாம், எடுத்துடுங்கன்னு கிளார்க் ஆபீசுல நேராப் போய் நின்னு சொன்னேன்.”

“எந்த கிளார்க்?”

கைப்பையின் கொக்கி சட்டென்று மூடியது.

“ஓப்பல், எந்த கிளார்க்?”

“கார் வரி கட்டற இடத்துல. அங்க ஒரு பெரியம்மா இருந்தாங்க. சரி கண்ணு, நான் பாத்துக்கறேன்னாங்க. நான் முடிஞ்சுதுன்னுல்ல நினைச்சேன். இன்னைக்குக் காலையில அந்தப் பொண்ணு வேற கிளார்க்னு சொல்றப்பதான்...” அவள் நிறுத்தி, மூக்கைச் சிந்தினாள். “அந்தப் பெரியம்மா எதைப் பாத்துக்கிட்டாங்களோ.”

டெல்ஃபா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று ஓப்பலுக்குத் தெரியவில்லை. டெல்ஃபாவுக்கும் அது சரியாகத் தெரியவில்லை.

“அப்ப அந்த ரெண்டு வருஷம்?” என்று கேட்டாள் நிமிர்ந்து.

“உனக்கு சம்மன் வந்து, கேஸ் தெரிஞ்சு, அதனால நீ பேசலைன்னு நினைச்சேன்.”

“நான் பூவால பேசல.”

“எந்தப் பூ?”

“பிளாஸ்டிக் பூ. வேலியில போட்டியே.”

“அதை நான் போடல. டாயல் போட்டான். புல்லு வெட்டற மெஷின்ல மாட்டுதுன்னு. நான் வெறும் இடமா இருக்கேன்னுதான் என் பூவை வெச்சேன்.”

இரண்டு பேரும் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார்கள். காலையில் பார்த்த கல்யாண ஜோடி இப்போது கையில் உரிமத்தோடு நடைபாதையில் போய்க்கொண்டிருந்தது. வேறு ஏதாவது கேட்டால் அதற்கும் வேறு மாதிரியாக ஒரு பதில் வரும் என்ற பயம் டெல்ஃபாவுக்கு. வாழ்க்கை பூராவும் தனக்குத் தெரிந்ததில் எது எது இப்படித் தப்பாக இருக்குமோ.

“இறங்கு” என்றாள். “மாடிக்குப் போகணும்.”

“முழங்கால்...”

“லிஃப்ட் இருக்கு.”

கவுண்டி அட்டர்னி சின்ன வயதுக்காரர். புகாரை இரண்டு முறை படித்தார். எழுதப்பட்ட வருஷத்தைப் பார்த்துவிட்டு, அப்போது தான் பிறந்திருக்கவே இல்லை என்றார். அப்புறம் கேட்டாக வேண்டிய கேள்வி என்று சொல்லிக்கொண்டு ஓப்பலைப் பார்த்துக் கேட்டார்.

“மிஸ் ஓப்பல், இவங்களால உங்களுக்கு இப்பவும் உயிர்ப் பயம் இருக்கா?”

“வண்டி ஓட்டறப்ப மட்டும்” என்றாள் ஓப்பல்.

டெல்ஃபா அவளை முறைத்தாள். அட்டர்னி பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“எழுதிடாதீங்க தம்பி, சும்மா சொன்னேன்” என்று ஓப்பல் பதறினாள். “பயமில்லை. எடுத்துடுங்க. இந்த தடவை எடுத்துட்டீங்களான்னு என் கண்ணு முன்னால காட்டுங்க. எந்த டேபிள்ல கையெழுத்துப் போடணும்?”

புதன்கிழமை ஜட்ஜ் முன்னால் போனபோது, முன்வரிசையில் மீன்பிடி உரிமம் இல்லாமல் மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ‘டெல்ஃபி கிரிஸ்ப்’ என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயரை மைக்கில், அந்நியக் குரலில் கேட்டதும் டெல்ஃபா ஒரு கணம் எழுந்திருக்கவே இல்லை. ஓப்பல்தான் இடித்தாள். ஜட்ஜ் காகிதத்தைப் பார்த்தார், இரண்டு கிழவிகளையும் பார்த்தார், தள்ளுபடி என்றார். அவ்வளவுதான். வழக்கு விழித்துக்கொண்டு, கொட்டாவி விட்டு, செத்துப்போனது.

கீழே ரெனிட்டா நகலின் மூலையை ஒரு இரும்புக் கருவிக்குள் வைத்து அழுத்தினாள். காகிதம் புடைத்துக்கொண்டு முத்திரை விழுந்தது. “ரெண்டு நகல் வாங்கிக்கங்க. ஒண்ணை ஸ்கூல்காரங்க தொலைச்சுடுவாங்க. அந்தக் கம்பெனிக்கும் ஒரு நகல் போட்டு, உங்க தகவல் தப்புன்னு எழுதுங்க. இல்லைன்னா அடுத்த வருஷமும் இதே கதைதான்.”

வியாழக்கிழமை காலை டெல்ஃபா அதை மர்லாவின் மேஜையில் வைத்தாள். மர்லா முத்திரையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

“தள்ளுபடின்னா... அப்ப நீங்க மிரட்டவே இல்லையா மிஸ் டெல்ஃபா?”

டெல்ஃபா யோசித்தாள். “மிரட்டினேன்” என்றாள். “ஆனா மிரட்டின ஆளுதான் தப்பு போலிருக்கு.”

மர்லாவுக்குப் புரியவில்லை. போர்டுக்குப் புரிய வேண்டியதும் இல்லை. சாயங்காலக் கூட்டத்தில் அவள் பெயர் மற்ற பெயர்களோடு ஒன்றாகப் படிக்கப்பட்டு அங்கீகாரமானது. திங்கட்கிழமை விடியுமுன் டெல்ஃபா சமையலறையில் ரோண்டா விட்டுவைத்த ஈஸ்ட் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்து, அப்படியே குப்பையில் கொட்டினாள்.

அந்த ஆகஸ்ட்டில் ஓப்பல் வீட்டிலிருந்து ஜாம் வரவில்லை. டெல்ஃபா கொஞ்ச நாள் பார்த்தாள். ஓடைக்கு அந்தப் பக்கம் சர்க்கரை கொதிக்கிற வாசனை வந்தது, புட்டிகள் கழுவிக் கவிழ்த்திருந்தது தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கூட்டிப்போக வந்தபோது வண்டியிலிருந்து இறங்கி, நேராக ஓப்பலின் சமையலறைக்குள் போய் அலமாரியைத் திறந்தாள். புட்டிகள் வரிசையாக இருந்தன.

“எனக்கு ஏன் குடுக்கல?”

ஓப்பல் தொப்பியில் ஊசி குத்திக்கொண்டிருந்தாள். “அதான் கேஸ் முடிஞ்சுபோச்சே.”

டெல்ஃபா கையில் எடுத்த புட்டியைப் பார்த்தாள். மூடியில் அதே கையெழுத்து. புகார் கொடுத்ததற்காக ஓப்பல் கட்டிவந்த அபராதத்தை இத்தனை வருஷமும் அவள் ஜாம் என்று நினைத்துத்தான் தின்றிருக்கிறாள்.

“கேஸ் முடிஞ்சா ஜாமும் முடிஞ்சுடணும்னு எந்த ஜட்ஜு சொன்னான்?” என்று கேட்டு, இரண்டு புட்டியை எடுத்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை உடுப்பின் மேல் ஏப்ரன் கட்டிக்கொண்டு வந்ததன் காரணம் ஓப்பலுக்கு அப்போதுதான் புரிந்தது.

“மூணாவதையும் எடுத்துக்க” என்றாள் ஓப்பல். “வண்டியை மெதுவா ஓட்டறதா இருந்தா.”